இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் அச்சகம்

பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஐந்து மணிக்குத்தான் வெளியே, மாத முடிவு என்றால் ஆறு ஆறரையும் ஆகும். மிச்ச நேரத்தில் டேபிள்டாப் விளையாட்டுகள் எழுதுகிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி, கதையைத் தாங்களே நடத்திக்கொண்டு போவார்களே, அந்த வகை. வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு ஆங்கிலத்தில், சொல்லுக்கு இத்தனை சதம் என்று கூலிக்கு எழுதிக் கொடுப்பேன். எனக்காக எழுதுவது தமிழில், சின்னச் சின்னப் புத்தகங்களாக. அந்தத் தமிழ்ப் புத்தகங்களை அச்சடித்துத் தருகிற ஒரு பிரஸ்ஸைப் பற்றித்தான் இந்த மதிப்பீடு.

கடை திருகோணமலை டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்தே போகலாம். பெயர் போடவேண்டாம் என்று கடைக்கார அண்ணை கேட்டுக்கொண்டார், கல்யாணக் கார்டு வேலையே அவருக்குத் தலைக்குமேல் கிடக்கிறது. ஊரில் உள்ளவர்கள் நான் சொல்லும் விவரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். இரண்டு வருடத்தில் மூன்று புத்தகம் அங்கே அடித்திருக்கிறேன், ஆகவே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு எழுதுவது இல்லை இது.

நான் எதை வைத்து ஒரு கடையை அளக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லவேண்டும். வேலைக்குப் போகிற ஒருவர் பக்கத்தில் எழுத்தும் பதிப்பும் செய்தால் அவருக்குப் பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு நேரம். எனக்கு வாரநாட்களில் விடியற்காலை ஒன்றரை மணித்தியாலம், ஞாயிறு மதியத்துக்குப் பிறகு மூன்று மணித்தியாலம், அவ்வளவுதான். ஒரு காலையில் ஐந்நூறு சொல் வந்தால் நல்ல நாள். ஐயாயிரம் சொல்லில் ஒரு சாகசக் கதை கேட்டால் எழுத இரண்டு வாரம், திருத்த ஒரு வாரம் என்று கணக்குப் போட்டுத்தான் ஒப்புக்கொள்வேன். அந்தப் பத்துச் சொச்ச மணித்தியாலத்தில் ஒரு கடை எவ்வளவைத் தின்னுகிறது, எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ஐம்பது ரூபாய் கூடக் குறைய என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முதல் புத்தகத்துக்கு வேறு ஒரு இடம் போனேன். ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், சனிக்கிழமை அரைநாள். ப்ரூஃப் என்கிற சோதனை அச்சைப் பார்க்க ஒருமுறை, திருத்தம் கொடுக்க ஒருமுறை, அட்டை நிறம் பார்க்க ஒருமுறை என்று மூன்று அரைநாள் லீவு போனது. அதோடு 500 பிரதிக்குக் குறைய அடிக்கமாட்டோம் என்றார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, ஒஃப்செட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பிளேட் வெட்டவேண்டும், ஐம்பது பிரதி அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் அந்தச் செலவு ஒன்றுதான். ஆனால் தமிழில் இப்படியொரு விளையாட்டுப் புத்தகத்தை வாங்க எனக்குத் தெரிந்து அறுபது எழுபது பேர்தான் இருக்கிறார்கள். மிச்சம் நானூறை எந்த அலுமாரிக்குள் வைப்பது?

இந்தக் கடை இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். என்னைப்போன்ற ஒருவருக்கு இந்த ஒரு விஷயமே பாதி மதிப்பெண். வேலை முடிந்து சைக்கிளில் டவுன் வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன், போகிற வழியில் இறங்கினால் சரி. டிஜிட்டல் மெஷின் என்பதால் பிளேட் இல்லை, 30 பிரதிக்கும் அடிப்பார்.

இங்கே அடித்த முதல் புத்தகம் 'கடைசிப் பாதை'. பக்கத்து ஊரான கிண்ணியாவுக்குப் பாலம் 2009 இல் திறந்தது. அதுவரை அக்கரைக்குப் போக வாகனமும் சனமும் ஏற்றுகிற பாதைதான். வெளியூர்க்காரருக்குச் சொல்வதென்றால், இந்தப் பக்கத்தில் பாதை என்றால் அந்த மிதவைப் படகுக்கும் பெயர். இருட்டிய பிறகு கடைசிப் பாதையில் ஏறியவர்கள் யார், ஒவ்வொருவரும் எதை மறைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் விளையாட்டு. பல முகம் வைத்த பகடைகள் இங்கே கடைகளில் கிடைக்காது, ஆகவே எந்தப் புத்தகக் கடையிலும் வாங்கக்கூடிய சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டை வைத்தே முழுவதையும் கட்டினேன். இரண்டையும் உருட்டினால் 36 வகையில் விழும்: கூட்டுத்தொகை 10 அல்லது அதற்குமேல் வர 6 வழி, 7 முதல் 9 வரை வர 15 வழி, 6 அல்லது அதற்குக் கீழே வர 15 வழி. முதலாவதான முழு வெற்றி அரிதாக வரும், இரண்டாவதான 'சரி, ஆனால் ஒரு விலை கொடு' என்பது அடிக்கடி வரும். எனக்கு அந்தச் சுவைதான் வேண்டியிருந்தது.

இதை 38 பக்கமாகத் தட்டச்சு செய்து பென் டிரைவில் கொண்டுபோனேன். அண்ணை பக்க எண்ணைப் பார்த்தவுடனேயே, "தம்பி, நாலால பிரிக்கேலாத கணக்கோட வராதேங்கோ" என்றார். ஏ4 தாளை நடுவில் மடித்துப் பின் அடிக்கிற புத்தகத்தில் ஒரு தாள் நாலு பக்கம், ஆகவே 36 அல்லது 40 தான் வரும், 38 என்றால் கடைசியில் இரண்டு வெள்ளைப் பக்கம். அந்த இரண்டு பக்கத்தில் விளையாடுகிறவர்கள் நிரப்பிக்கொள்ளும் பாத்திரத் தாளைப் போடும் யோசனை அங்கே நின்றபடியே வந்தது. இன்றைக்கு அந்தப் புத்தகத்தில் ஆட்கள் அதிகமாகப் போட்டோக்கொப்பி எடுக்கிற பக்கம் அதுதான். வெளி ஓரத்தைக் கூட்டச் சொன்னதும் அவர்தான். தாள்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடிக்கும்போது நடுத்தாள் வெளியே தள்ளிக்கொண்டு வரும், ஓரம் வெட்டுகிறபோது அதில்தான் அதிகம் போகும், பக்க எண் விளிம்போடு இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

அப்புறம் பாமினி. இலங்கையில் தமிழ் அச்சு வேலை கொடுத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நாங்கள் இப்போது எல்லாரும் யூனிகோடில் எழுதுகிறோம், கணினித் தட்டச்சு செய்கிற பிரஸ்களில் இன்னும் பல இடத்தில் பாமினி எழுத்துருவும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளும்தான். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும், கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஆங்கிலம்தான். யூனிகோடிலிருந்து மாற்றித்தான் உள்ளே போடவேண்டும். சாதாரணக் கதை, கவிதை என்றால் பெரிய சிக்கல் வராது. விளையாட்டுப் புத்தகத்தில் வரும். இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டு என்பதற்கு இந்தத் துறையில் எல்லாரும் எழுதுகிற குறி 2, பிறகு ஆங்கில டி, பிறகு 6. பாமினியில் அந்தச் சின்ன டி 'ன' ஆகிவிடும். முதல் ப்ரூஃபில் முப்பத்தொரு இடத்தில் '2ன6' என்று கிடந்தது. ஆங்கிலக் காற்புள்ளி இருந்த இடத்தில் 'இ', அரைப்புள்ளி இருந்த இடத்தில் எழுத்துக்கு மேலே ஒரு குத்து.

அதைப் பார்த்தபோது எனக்குக் கண் இருட்டியது, ஏனென்றால் நாற்பது பக்கத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட ஒரு வாரக் காலைநேரம் முழுவதும் போகும். அண்ணை ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, மடிக்கணினியோடு நாளைக்கு வாருங்கள் என்றார். அடுத்த நாள் மாலை ஆறிலிருந்து எட்டு வரை இருந்து, யூனிகோடை ஒழுங்காகக் காட்டுகிற மென்பொருளிலேயே நான் பக்கம் அமைத்து, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆக எடுத்துக் கொடுத்தேன். அவருடைய மெஷின் அதை அப்படியே அடித்தது. அன்றையிலிருந்து தட்டச்சுக் கூலியும் இல்லை, ஒப்பிடுகிற வேலையும் இல்லை. பாமினி தெரிந்த ஒருவர் "அதெல்லாம் எங்கட சிஸ்டத்தில சரிவராது" என்று சொல்லிவிடுவது எளிது. இவர் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து சரிவருகிற வழியைத் தேடினார், அதற்குக் காசும் வாங்கவில்லை.

நான் இந்தக் கடையை விடாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் இன்னொன்று. அவர் ப்ரூஃபை வாசிக்கிறார். அச்சகத்தில் ப்ரூஃப் என்றால் பெரும்பாலும் எழுத்து நேராக இருக்கிறதா, மை பரவியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவர் பதினேழாம் பக்கத்து அட்டவணையில் விரலை வைத்துக் கேட்டார்: "ரெண்டு கட்டையையும் உருட்டிக் கூட்டினா ஒண்டு எப்படித் தம்பி விழும்?" அட்டவணை 1 இலிருந்து 12 வரை போட்டிருந்தேன். 2 இலிருந்துதான் தொடங்கவேண்டும். ஆறு மாதம் நண்பர்களோடு விளையாடிப் பார்த்தும் எங்களில் ஒருவருக்கும் படவில்லை, விழாத எண்ணை யாரும் தேடிப் பார்ப்பதில்லையே. வெளிநாட்டில் இந்த வேலைக்கு எடிட்டர் ஒருவருக்குச் சொல் கணக்கில் காசு கொடுப்பார்கள்.

விலை: 40 பக்கம், ஏ5 அளவு, உள்ளே 80 ஜிஎஸ்எம் தாளில் கறுப்பு வெள்ளை, நிற அட்டை, நடுவில் இரண்டு பின். 60 பிரதி அடித்தபோது ஒன்று 340 ரூபாய், மொத்தம் 20,400. நான் 600 ரூபாய்க்கு விற்றேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்புக்குத் தபாலில் அனுப்பிய செலவு தனி. பெரிய லாபம் இல்லை, ஆனால் கையைக் கடிக்கவும் இல்லை. பிடிஎஃப் ஆகவும் விற்கிறேன். விளையாட்டுகளை இணையத்தில் விற்கிற இட்ச்.ஐஓ போன்ற தளத்தில் அச்சுச் செலவே கிடையாது, அவர்கள் எடுக்கும் பங்கும் வழக்கமாக 10 வீதம்தான், அதையும் விற்பவரே கூட்டிக் குறைக்கலாம். என்றாலும் இங்கே விளையாடுகிறவர்களுக்குக் கையில் தாள் வேண்டும். டச்பே கரையில் பொழுது சாய்கிற நேரம் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து போனை மாற்றி மாற்றிப் பார்த்து விளையாடிப் பாருங்கள், கால் மணியில் ஒருவர் வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பார்.

குறைகளும் இருக்கின்றன. அட்டை நிறம் முதல் தடவை பிழைத்தது. உள்துறைமுகத்து நீலம் திரையில் பளிச்சென்று இருந்தது, அச்சில் ஊதா பக்கம் சாய்ந்து வந்தது. திரை ஒளியில் காட்டுகிற நீலம் எல்லாம் மையில் வராது, அதை அடிப்பதற்கு முன் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மறுபடி அடிக்க அரை விலை எடுத்தார். இரண்டாவது, போனில் அனுப்புகிற செய்திக்குப் பதில் வராது. நேரில் போனால்தான் வேலை நகரும், வெளியூரிலிருந்து கொடுக்க நினைப்பவர்களுக்கு இது கஷ்டம். மூன்றாவதுதான் பெரிது: பங்குனியில் கோயில் நோட்டீஸ், தவணைப் பரீட்சைக் காலத்தில் பள்ளிக்கூட வினாத்தாள், ஆவணியில் கல்யாணக் கார்டு. இந்த நேரங்களில் நாலு நாள் என்று சொன்ன வேலை மூன்று வாரம் ஆனது. நான் முன்பதிவு வாங்கிய ஆட்களுக்குத் தேதி சொல்லியிருந்தேன், ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டி வந்தது. எழுதவேண்டிய இரண்டு காலை அதிலேயே போய்விட்டது. விளையாட்டுக்கு வேண்டிய சீட்டுகளை மூலை வட்டமாக வெட்டுகிற கருவியும் அவரிடம் இல்லை, கத்தரிக்கோலால் வீட்டில்தான் வெட்டுகிறோம்.

ஒரு விஷயம் அந்தக் கடையில் காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும். இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் மூத்தது 1974 ஜனவரியில் வந்தது, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மூன்று சின்னப் புத்தகங்களை ஒரு பெட்டிக்குள் போட்டு, கையால் அடுக்கி ஆயிரம் பெட்டிதான் முதலில் செய்தார்கள். எழுதிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1970 வரை காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், அது போன பிறகு வீட்டில் செருப்புத் தைத்துக் குடும்பம் பார்த்தவர். நானும் காப்புறுதி மேசையில் உட்கார்ந்து கோரிக்கைப் படிவம் நிரப்புகிறவன் என்பதால், பின் அடித்த புத்தகங்களை மனைவியும் நானும் இருபது இருபதாக அடுக்கிக் கட்டும்போது அந்தப் பெட்டிகள் கண்ணுக்குள் நிற்கும். ஆயிரத்துக்கும் அறுபதுக்கும் தூரம் உண்டு. ஆனால் செய்கிற வேலை ஒன்றேதான்.

கூலிக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல்: ஒரு வெளிநாட்டுப் பதிப்பகம் என் காசை ஏழு மாதம் தாமதித்தது, ஒப்பந்தத்தில் 'வெளியான பிறகு' என்று இருந்ததைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்தக் காசை நம்பி அச்சுக்குத் தேதி குறித்திருந்தேன். அண்ணையிடம் விஷயத்தைச் சொன்னபோது பாதி கொடுங்கள், மிச்சம் விற்றுத் தாருங்கள் என்றார். எல்லாருக்கும் அப்படிச் செய்வாரா தெரியாது. எனக்குச் செய்தார், அதை எழுதாமல் விடமுடியாது.

போகிறவர்கள் பிடிஎஃப் ஆகக் கொண்டுபோங்கள், எழுத்துரு உள்ளே பதித்திருக்கட்டும், பக்கம் நாலால் பிரியட்டும், அட்டைப் படத்தை, வெட்டில் போகிற இடத்துக்காக, சுற்றிவர 3 மில்லிமீட்டர் கூட விடுங்கள். ஒரு பிரதி மட்டும் முதலில் அடித்துத் தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்து, விளையாட்டே தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். பங்குனியிலும் ஆவணியிலும் போகாதீர்கள். ஏழு மணிக்குப் பிறகு போனால் ஆட்கள் குறைவு, உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

நாலாவது புத்தகம் இப்போது அவருடைய மேசையில் கிடக்கிறது, 32 பக்கம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை வைத்து ஒருவரே தனியாக விளையாடுவது. ஏழாம் கிணற்றுக்கான விதி தனக்கு விளங்கவில்லை என்று பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். நாளை விடிய அதைத்தான் திருப்பி எழுதவேண்டும்.