முதல் பனியில் முகடா, மறைசரிவா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து நவம்பர், டிசம்பரில் உத்தராகண்ட் மலையேறப் போகும் குழுக்களுக்குப் பல இடங்களில் இரண்டு வழி தென்படும். ஒன்று, காற்று மோதும் முகட்டைச் சுற்றிப் போவது. மற்றது, காற்று மறைவான சரிவைக் குறுக்கே கடப்பது. சரிவு வழி குறுகியது, குளிரும் குறைவு. அப்படியிருந்தும் நாங்கள் எடுப்பது முகட்டு வழியைத்தான். காரணம் பனிச்சரிவு: சரிவில் கிடக்கும் பனி மொத்தமாக நழுவி ஆளைப் புதைத்துவிடும்.

"பனிதான் கம்மியா இருக்கே" என்ற நினைப்புதான் சீசன் தொடக்கத்தில் ஆளைக் கவிழ்க்கிறது. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக்குப் போனவர்களில் இருபது பேருக்கு மேல் பனிச்சரிவில் பலியானதும் குளிர்காலம் பிறக்கும் முன்னால்தான்.

எவ்வளவு பெய்தது என்பதைவிட, காற்று அதை எங்கே சேர்த்தது என்பதே முக்கியம். களத்தில் கேழ்வரகு தூற்றினால் பதர் எந்தப் பக்கம் குவியுமோ, பனியும் அந்தப் பக்கமே குவியும். வானம் கொட்டுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூடக் காற்று பனியைக் கொண்டு சேர்க்கும். முகட்டில் பாறை தெரியும்போதே மறுபக்கம் இடுப்பளவு நிற்கும். காற்றில் நொறுங்கிய துகள்கள் நெருங்கிப் பலகையாக இறுகுவதுதான் விண்ட் ஸ்லாப். அதன் அடியில் பழைய பனி குளிரில் சர்க்கரைபோல உதிரியாகிக் கிடக்கும். கேழ்வரகுக் குவியல்மேல் கிரானைட் ஸ்லாப்பைச் சாய்த்து வைத்தது போலத்தான் அது; ஓர் ஆளின் எடை போதும், நழுவிவிடும்.

சாய்வு 30 முதல் 45 டிகிரி என்றால் ஆபத்து. போனில் கோணம் பார்க்கும் ஆப் இருக்கிறது. ராயக்கோட்டை மலையிலேயே பழகிக்கொள்ளலாம். மிதித்தால் முரசுபோல ஒலித்தாலோ, காலடியிலிருந்து விரிசல் ஓடினாலோ, பனி 'வும்ப்' என்று அமுங்கினாலோ வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும். காற்று ஓய்ந்து சில நாளில் பலகை பிடித்துக்கொள்ளும் என்பார்கள். கீழே சர்க்கரைப் பனி இருந்தால் வாரக்கணக்கிலும் பிடிக்காது. மேற்பரப்பை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

முகட்டிலும் ஒரு கெடுதல் உண்டு. விளிம்பில் பனி கூரைபோல வெளியே நீண்டிருக்கும். நினைத்ததைவிட உள்ளே தள்ளி உடையும். பாறை தெரியும் பக்கமாகவே நடக்க வேண்டும்.

சரிவைக் கடந்தே தீர வேண்டுமென்றால் ஒவ்வொருவராகப் போக வேண்டும். மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று அவரையே பார்த்திருக்க வேண்டும். புதைந்தவரின் இடத்தைச் சிக்னலால் காட்டும் டிரான்ஸீவர் ஒவ்வொருவரிடமும் ஆனில் இருக்கட்டும். பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பியான புரோப், தோண்ட ஷவல் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும். புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். பனி மெல்லிசாக இருக்கும் காலத்தில் புதையாமலே பாறையில் மோதிச் சாவதும் நடக்கும்.

இறங்கும்போது அசதியில் சரிவு வழி இழுக்கும். அப்போதும் முகடுதான்.