கேம்ஷாஃப்ட் மாற்றி 14 மாதம்: ரோட்டில் ராஜா, சிக்னலில் சனியன்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். "டேய், என் சில்வராடோவுக்கும் கேம் போடலாம்னு இருக்கேன். உன்னுது எப்படிப் போகுது?" பதில் சொல்ல ஆரம்பித்து, கோபத்தில் பேச்சு எங்கேயோ போய்விட்டது. மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன். சில்வராடோ என்பது செவ்ரலே பிக்கப் டிரக்; கேம் என்பது கேம்ஷாஃப்ட், இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு.

என்னுடையது 2004 மாடல், 5.3 லிட்டர் எல்எம்7 இன்ஜின். ஹூஸ்டனில், வீட்டு கராஜிலேயே மூன்று வார இறுதிகளில் முடித்தேன். வேலை பயந்த அளவுக்கு இல்லை. கேம்ஷாஃப்ட் இன்ஜின் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால், மேலே மூடியிருக்கும் ஹெட்டைக் கழற்ற வேண்டாம். ரேடியேட்டரை இறக்கி, வால்வைத் தள்ளும் ராக்கரையும் புஷ்ராடையும் எடுத்துவிட்டு, கேமைக் கையால் சில சுற்று சுற்றினால், கேம் மேல் உட்கார்ந்திருக்கும் லிஃப்டர் பதினாறும் மேலே ஏறி பிளாஸ்டிக் ட்ரேயில் நின்றுகொள்ளும். 20 வருஷப் பழைய பிளாஸ்டிக்கை நம்பாமல் 5/16 இன்ச் மரக்குச்சி இரண்டைச் செருகி முட்டுக்கொடுத்தேன். பேரிங்கில் கீறல் விழாமல் பழைய கேமை உருவி எடுக்கும் வரை மூச்சு விடவில்லை.

கிராங்க்ஷாஃப்ட் முனையில் பேலன்சர் என்ற சக்கரத்தைப் பிடித்திருக்கும் கிராங்க் போல்ட்தான் உயிரை வாங்கியது. பழைய போல்ட்டை 240 ஃபுட்-பவுண்டுக்கு இறுக்கி பேலன்சரை உட்காரவைத்து, பிறகு புது போல்ட்டை 37-க்கு இறுக்கி, அதற்குமேல் 140 டிகிரி திருப்ப வேண்டும். ரெஞ்சில் பைப்பைச் செருகி நானும் மனைவியும் சேர்ந்து தொங்கினோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐடிலிங், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற விதம்.

கம்பெனி கேமில் வால்வ் திறந்திருப்பது, லிஃப்டர் 0.050 இன்ச் ஏறியதிலிருந்து அளந்தால், கிராங்க் சுழற்சியில் 190 டிகிரி சுமாருக்கு. நான் போட்டது இன்டேக் 222, எக்ஸாஸ்ட் 226. இரண்டு வால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடிவிடுவதால், குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) எரிந்த புகை திரும்பவும் சிலிண்டருக்குள் வருகிறது. அதனால்தான் அந்த 'டப்-டுப்' சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் போட்டேன், மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் வெயிலில் ஏசி போட்டு, கியர் 'டி'-யில் இருக்க, சிவப்பு விளக்கில் நிற்கும்போது ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் வரும் கார் இரண்டாகத் தெரிகிறது. லேப்டாப்பை மாட்டி ஐடிலை 800 ஆர்பிஎம்முக்கு ஏற்றினேன். அதிர்வு குறைந்தது, ஆனால் பிரேக்கை விட்டால் வண்டி கயிறறுத்த மாடு போலப் பாய்கிறது. பியர்லாண்ட் மீனாட்சி கோயில் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்தபோது ஒரு மாமி ஓரமாக ஒதுங்கி நின்று, "வண்டி ரிப்பேரா தம்பி?" என்று கேட்டார்.

தப்பு கேம் மேல் இல்லை. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரையும், ஸ்டால் அதிகமுள்ளதாக (அதாவது அதிக ஆர்பிஎம்மில்தான் கெட்டியாகப் பிடிப்பதாக) சேர்த்துப் போடு என்று விற்றவர் சொன்னார். காசு மிச்சம் என்று பழையதையே விட்டது நான்தான். காலனுக்கு 16 மைல் கொடுத்தது இப்போது 13. டிரெய்லரை இழுத்துக் கிளம்பும்போது முன்பிருந்த திமிர் இல்லை.

இவ்வளவும் 3000 ஆர்பிஎம் வரைக்கும்தான். 288 நெடுஞ்சாலையில் ஏறும் சாய்வில் மிதித்துப் பார், அது வேறு வண்டி. முன்பெல்லாம் 5000-க்குப் பக்கத்தில் மூச்சு வாங்கும். இப்போது இன்னும் கேட்கிறது. அந்தப் பத்து வினாடிக்காகவே சில நாள் ஆபீஸுக்குச் சுற்று வழியில் போகிறேன்.

ஆனாலும் உனக்கு என் பதில்: வேண்டாம். தினம் ஆபீஸுக்குப் போக இருக்கிற ஒரே வண்டியில் போடாதே.

பழைய கேம் ஆயில் துணி சுற்றி ஷெல்ஃபில் இருக்கிறது. "திரும்ப அதையே மாட்டிடலாமே" என்றாள் மனைவி. பார்க்கலாம் என்றேன். நேற்று ராத்திரி உட்கார்ந்து விலை பார்த்தது என்னவோ கன்வெர்ட்டருக்குத்தான்.