சென்னையில் செய்துகொண்ட ஆண்குறி உள்வைப்பு ஆபரேஷன்: ஒரு சிங்கப்பூர்வாசியின் அனுபவம்

புற்றுநோய்க்காக ப்ராஸ்டேட்டை எடுத்த பிறகு எனக்கு விறைப்பு திரும்பவே இல்லை. மாத்திரை கேட்கவில்லை. ஊசியில் வலிதான் மிச்சம். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது சென்னையிலேயே உள்வைப்பு, அதாவது விறைப்புக்கான கருவியை ஆண்குறிக்குள் வைக்கும் ஆபரேஷன், செய்துகொள்ளலாம் என்று நானும் மனைவியும் முடிவெடுத்தோம். செலவு குறைவு, ஆபரேஷனுக்குப் பிறகு மச்சினன் வீட்டில் ஓய்வெடுக்கவும் வசதி. இதைத் தமிழில் வெளிப்படையாக எழுதியவர்கள் குறைவு என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

யூராலஜி டாக்டர் முதல் நாளே மனைவியையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். "சார், இது திரும்பிப் போக முடியாத முடிவு. உள்ளே வைத்தபின் இயற்கையான விறைப்புக்கு வழியில்லை. நீளமும் அதிகமாகாது. தொடு உணர்ச்சியும் உச்சமும் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கும்" என்றார். என் மனைவி தயங்காமல் கேள்வி கேட்டாள், அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். எனக்குப் பெரிய நிம்மதி அது.

வளைத்து நிமிர்த்தும் குச்சி வகை மலிவு. மும்பை டாக்டர் ரூபின் ஷா வடிவமைத்த உள்நாட்டுத் தயாரிப்பும் உண்டு. ஆனால் அது எப்போதும் விறைப்பாகவே இருக்கும். நாங்கள் தேர்ந்தெடுத்தது நீர் நிரப்பும் மூன்று பாக வகை. 1973-இல் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் குழு அறிமுகப்படுத்திய அமைப்பின் வழிவந்தது. ஆண்குறிக்குள் இரண்டு சிலிண்டர், விதைப்பையில் பம்ப், அடிவயிற்றில் உப்புநீர்ப் பை. பம்பை அழுத்தினால் நீர் சிலிண்டருக்குப் போகும். விடுவிப்புப் பொத்தானை அழுத்தினால் பைக்குத் திரும்பும். இறக்குமதிச் சரக்கு என்பதால் பில்லில் பெரும்பகுதி இந்தக் கருவிக்கே.

எங்கே வெட்டுவார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். அடிவயிற்று எலும்புக்குக் கீழே, ஆண்குறி மொட்டுக்குச் சற்றுக் கீழே, ஆண்குறியும் விதைப்பையும் சேரும் இடம் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. எலும்புக்குக் கீழே வெட்டினால் நீர்ப்பையை வைப்பது எளிது, ஆனால் மேல்பக்க உணர்வு நரம்பைக் காக்க வேண்டும். என் டாக்டர் எடுத்தது மூன்றாவது வழி. அதில் உள்திசு நன்றாகத் தெரியும், பம்பையும் சரியான இடத்தில் உட்காரவைக்கலாம். வழக்கமாக நீர்ப்பையைச் சிறுநீர்ப்பைக்கு முன்னால் உள்ள இடைவெளியில் வைப்பார்கள். ப்ராஸ்டேட் ஆபரேஷனால் என் உடம்பில் அந்த இடம் தழும்பேறி ஒட்டிப்போயிருந்தது. குருட்டாம்போக்கில் துழாவினால் சிறுநீர்ப்பையோ ரத்தக்குழாயோ கிழியலாம். அதனால் வயிற்றுத் தசைக்கு அடியில், சற்று மேலே வைத்தார். பழைய ஆபரேஷன் ரிப்போர்ட் முழுவதையும் எடுத்துப்போனது இதற்குத்தான் உதவியது.

ஆண்குறியின் உள்திசுவை விரித்து, முன்னும் பின்னும் அளந்து, அந்த அளவுக்கு ஏற்ற சிலிண்டரை நூல் கட்டிய ஊசியால் மொட்டு வழியே இழுத்து உட்காரவைக்கிறார்கள். அளவு கூடினால் வளையும். குறைந்தால் மொட்டு தொங்கும். விரிக்கும்போது சிறுநீர்க்குழாய் கிழிந்துவிட்டால் அன்றைக்கு உள்வைப்பைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பு என்பதையும் முன்பே சொல்லிவிட்டார்.

அவர் மிகவும் பயந்தது கிருமிக்குத்தான். கிருமி கருவியில் ஒட்டிப் படலமாகிவிட்டால் பெரும்பாலும் மொத்தத்தையும் எடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தேதி கொடுத்தார். ரிஃபாம்பிசின், மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் பூசிய சிலிண்டர், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் கழுவல், கருவியைத் தொடுமுன் புதுக் கையுறை, தியேட்டரில் குறைவான ஆட்கள் என்று எல்லாவற்றையும் கவனித்தார். மறுநாள் யூரின் டியூபை எடுத்தார்கள். விதைப்பை வீங்கி நல்ல வலி இருந்தது. இரவில் நர்ஸ் தம்பிகள் கூச்சப்பட வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரே ஒரு குறை. பில்லிங் கவுண்டரில் வரிசை முழுக்கக் கேட்கும்படி ஆபரேஷன் பெயரை உரக்கப் படித்தார்கள். மனைவி முகம் சுருங்கிப்போனது. மேலாளரிடம் சொன்னபின் மற்றதெல்லாம் தனி அறையில் நடந்தது. இப்படிப்பட்ட சிகிச்சைக்குத் தனி அறை முதலிலிருந்தே வேண்டும்.

பம்பை இயக்கப் பழக்குவது புண் ஆறியபின், சுமார் ஆறு வாரம் கழித்து. அதனால் குறுகிய லீவில் வருகிறவர்கள், திரும்பிப் போகும் ஊரில் இந்தக் கருவி தெரிந்த யூராலஜி டாக்டரிடம் முன்பே பேசி வையுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் கருவியின் வகை, அளவு, நீர்ப்பை இருக்கும் இடம் மூன்றும் எழுதியிருக்கிறதா பாருங்கள். வரிசை எண் கொண்ட கருவி அட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கவோ வேறு ஆபரேஷனுக்கோ போனால் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும்.