மலை ரயிலை மணிக்கு 155 கிலோமீட்டரில் ஓட்டியவன்: ப்ளெண்டர் ஃபாலோ பாத்தோடு நான்கு வருடம்

ஃப்ளாஷ் என்ற அனிமேஷன் மென்பொருளின் காலத்தில், பொருள் போகவேண்டிய வழியை வரையும் மோஷன் கைடு லேயரில் பென்சிலால் கோடு இழுத்து வண்டி ஓட்டிப் பழகியவன் நான். பொருளின் நடுவில் இருக்கும் குட்டி வட்டம் கோட்டின் நுனியில் சரியாக ஒட்டாவிட்டால், வண்டி கோட்டைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போய்விடும். ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்கு மாறியபோது, பொருளை ஒரு கோட்டின் வழியே ஓடவைக்கும் ஃபாலோ பாத் வசதி அந்தத் தலைவலியைத் தீர்த்தது. தன் பங்குக்கு வேறு சில தலைவலிகளைக் கொடுத்தது.

முதல் பெரிய வேலை, குழந்தைகளுக்கான காணொளி ஒன்றில் வரும் நீலகிரி மலை ரயில். 180 மீட்டர் நீளத்துக்கு ஒரு பெசியர் வளைகோடு வரைந்து, என்ஜினுக்கு ஃபாலோ பாத் கொடுத்தேன். என்ஜின் தண்டவாளத்தில் உட்காராமல் பள்ளத்தாக்கில் மிதந்தது. பொருளுக்கு ஏற்கெனவே இருக்கும் இடமதிப்பு கோட்டின் மேல் கூடிக்கொள்ளும் என்பது அப்போது தெரியாது. ஆல்ட்-ஜி அழுத்தி அதைச் சுழியமாக்கியதும் வந்து உட்கார்ந்தது. அப்புறம் பொருளைத் தானாக ஓடவைக்கும் அனிமேட் பாத் பொத்தானை அழுத்தினேன். பறந்தது! முழுக் கோட்டையும் எத்தனை ஃபிரேமில் (காட்சியின் ஒற்றைப் படம்) கடக்க வேண்டும் என்று சொல்லும் ஃபிரேம்ஸ் மதிப்பு இயல்பாக 100. விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் 180 மீட்டரை நாலு விநாடி சொச்சத்தில் கடக்கிறது. கணக்குப் போட்டால் மணிக்கு 155 கிலோமீட்டர். நிஜத்தில் பல்சக்கரப் பாதையில் 15-ஐக்கூடத் தொடாத ரயில் அது.

சரி, வேகத்தைக் குறைப்போம் என்று பொருள் கோட்டில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் எவாலுவேஷன் டைமில் கீ ஃபிரேம் (இந்த ஃபிரேமில் இந்த மதிப்பு என்ற குறி) வைக்கப் போனால், வைக்கவே விடவில்லை. அந்தப் பொத்தான் சத்தமில்லாமல் மதிப்பைத் தானே நகர்த்தும் ஜெனரேட்டர் என்ற மாடிஃபையரைச் சேர்த்துவிடுகிறது. அசைவை வரைபடமாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் N விசையை அழுத்தி, மாடிஃபையர் பகுதியில் அதை நீக்கினால்தான் கீ ஃபிரேம் விழும். அன்றிலிருந்து அந்தப் பொத்தான் பக்கம் நான் போவதில்லை.

இப்போது செய்வது இதுதான். கன்ட்ரோல்-ஏ மூலம் கோட்டின் ஸ்கேலை (பெரிதாக்கியோ சிறிதாக்கியோ வைத்த அளவை) அப்ளை செய்து நிரந்தரமாக்கிவிட்டு, ஃபிரேம்ஸ் பெட்டியில் கோட்டின் நீளத்தையே போடுகிறேன்: 180. அப்படிச் செய்தால் எவாலுவேஷன் டைமில் ஒரு எண் என்பது ஒரு மீட்டர். 12 விநாடிக் காட்சியில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் வேண்டுமா? 40-இல் தொடங்கி 80-இல் முடித்தால் போதும். கீ ஃபிரேம்களை லீனியர் (சீரான வேகம்) ஆக்கிவிட வேண்டும். இல்லையென்றால் நடுமலையில் ரயில் ஏதோ ஸ்டேஷன் வந்ததுபோல மெல்ல நிற்கப் பார்க்கும்.

ரயில் பெட்டிகளுக்கும் இதே கணக்குதான். ஃபாலோ பாத்தில் இருக்கும் ஆஃப்செட்டில் எத்தனை எண் போடுகிறோமோ அத்தனை மீட்டர் பின்னால் நிற்கும். என் மாடலில் பெட்டிக்குப் பெட்டி 12 மீட்டர்: என்ஜின் 0, பெட்டிகள் 12, 24, 36. மொத்த ரயிலையும் இழுப்பது கோட்டில் இருக்கும் எவாலுவேஷன் டைம் என்ற அந்த ஒரே எண். பொருளின் இடத்தை அதன் ஃபாலோ பாத்திலேயே கொடுக்கும் ஃபிக்ஸட் பொசிஷன் வசதியும் நல்லதுதான், ஆனால் அது பந்து, பட்டாம்பூச்சி மாதிரி ஒற்றைப் பொருளுக்கு. ரயிலுக்கு அதைப் போட்டால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகக் கீ ஃபிரேம் வைத்து மாளாது.

இந்த முறையின் அருமை புரிந்தது குன்னூரில் வளர்ந்த என் சித்தப்பா காட்சியைப் பார்த்தபோது.

"என்னடா தம்பி, என்ஜின் முன்னாடி போகுது? கல்லாறு தாண்டி மலை ஏறும்போது அது பின்னாலிருந்துல்ல தள்ளும்!"

அவர் சொன்னது சரி. ரெண்டர் (காட்சியை இறுதிப் படங்களாக்கும் வேலை) போட்டு முடித்திருந்தேன், வயிற்றைக் கலக்கியது. ஆனால் திருத்தம் நாலு எண்தான்: பெட்டிகள் 0, 12, 24, என்ஜின் 36. ரெண்டர்தான் மறுபடி ஓர் இரவு ஓடியது.

வளைவில் பெட்டி காரணமில்லாமல் சாய்ந்தால், கோட்டின் ட்விஸ்ட் (முறுக்கு) முறையை மினிமத்திலிருந்து இசட்-அப்புக்கு மாற்றிப் பாருங்கள். பின்னோக்கி ஓடினால் ஸ்விட்ச் டைரக்‌ஷன். கேமராவைக் கோட்டில் ஏற்றினால் முன்பக்கத்தைக் குறிக்கும் ஃபார்வர்ட் மைனஸ் இசட், மேல்பக்கத்தைக் குறிக்கும் அப் ஒய். இந்த மூன்றையும் மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், இன்னும் மனதில் நிற்கவில்லை.

ஒரு குறை மட்டும் போகவில்லை. ஃபாலோ பாத் பெட்டியை ஒரே புள்ளியில்தான் கோட்டோடு பிடிக்கிறது. கூர்மையான வளைவில் பெட்டியின் நடு தண்டவாளத்தில் இருக்கும், இரு முனைகளின் சக்கரங்களும் வெளியே தொங்கும். நிஜப் பெட்டி இரண்டு போகிகளின் (சக்கரத் தொகுதிகளின்) மேல் உட்கார்வது போல, பெட்டிக்கு இரண்டு எம்ப்டிகளை (ரெண்டரில் தெரியாத வெற்றுப் பொருள்களை) கோட்டில் ஓடவிட்டு, பெட்டியை முன்னதில் பொருத்தி, ட்ராக் டூ மூலம் பின்னதைப் பார்க்க வைத்தேன். சக்கரங்கள் தண்டவாளத்தை விடவில்லை. ஆனால் மூன்று பெட்டிக்கு ஆறு எம்ப்டி. அவற்றுக்கு முதலிலேயே பெயர் வைக்காததால், எம்ப்டி 004 எந்தப் பெட்டியுடையது என்று இன்றும் ஒவ்வொன்றாக ஒளித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.