சித்தி வீட்டில் ஒரு நாள், வேலூரில் ஒரு மாதம்

மெல்போர்னிலிருந்து நான் புறப்பட்டது தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு. விடுப்பில் பெரும்பகுதி ஆஸ்பத்திரி வராந்தாவில் போயிற்று.

திருவண்ணாமலையில் சித்தி மகனுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. அடிபடாமலே தொடையில் நீலம் பாய்ந்திருந்தது. அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் தட்டணுக்கள் குறைந்ததைப் பார்த்து டெங்கு என்று முடிவுகட்டி, மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது. நான்காம் நாள் ஆய்வகப் பெண் ஒருவர்தான் "வெள்ளணுக்கள் சரியாக இல்லை, உடனே வேலூர் போங்கள்" என்றார். இரவே கார் பிடித்தோம்.

சிஎம்சியில் சொன்ன பெயர் ஏபிஎல். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. 15, 17ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிறக்கும் ஒரு புரதம் வெள்ளணுவைப் பாதி வளர்ச்சியிலேயே நிறுத்திவிடுகிறது. முதல் சில நாட்களில் ரத்தப்போக்கே ஆளைக் கொண்டுபோய்விடும் என்பதால், மரபணுச் சோதனை முடிவு வருவதற்கு முன்பே அட்ரா மாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. நின்றுபோன அணுவை வளரச் செய்கிறது. வளர்ந்த அணு தன் ஆயுள் முடிந்து தானே சாகிறது. ஷாங்காய் மருத்துவர் வாங் ஜென்யி குழுவினர் இதை 24 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை 1988இல் வெளியிட்டார்கள்.

அடுத்து சொட்டு சொட்டாக ஏறியது ஆர்சனிக். "பாஷாணத்தையா ஏற்றுகிறீர்கள்?" என்று சித்தி நர்சின் கையைப் பிடித்துக்கொண்டாள். சித்த வைத்தியர்களின் வெள்ளைப் பாஷாணமேதான். நோய்க்குக் காரணமான புரதத்தையே அது சிதைக்கிறது. இதே சிஎம்சியில் 1998 முதல் 72 பேருக்கு ஆர்சனிக்கை மட்டுமே கொடுத்து, 86 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக அடங்கியதை 2006இல் வெளியிட்டிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து மருந்து வரவழைக்கட்டுமா என்று கேட்டிருந்த நான் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

முதல் வாரம் வெள்ளணு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. வளரும்போது அப்படித்தான் ஆகும் என்றார்கள். மூச்சுத் திணறல், காய்ச்சல், திடீர் எடையேற்றம் வந்தால்தான் ஆபத்தாம். அதற்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தயாராக இருந்தது. அதனால் தினமும் காலையில் எடை. ஆர்சனிக் இதயத் துடிப்பைக் குலைக்கலாம் என்பதால் ஈசிஜியும். பிள்ளை ஒரு கிலோ கூடினால் திருஷ்டி சுற்றிப்போடும் சித்தி, எடை இயந்திரத்தின் முள் நகரக் கூடாதென்று வேண்டிக்கொண்டு நின்றாள்.

நான் விமானம் ஏறிய அன்று அவள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒரே வரி: "61 கிலோ. நேற்றும் அதே."