ஆரஞ்சுச் சீட்டும் அம்மாவின் ரவையும்: அல்சூர்க் கடை ஒன்றைப் பற்றி

பெங்களூரு அல்சூர் ஏரியிலிருந்து நடந்துபோகும் தொலைவில் உள்ள இந்தப் பல்பொருள் அங்காடியில் ஆறு ஆண்டுகளாக மளிகை வாங்கிவருகிறேன். காய்கறி காலை எட்டு மணிக்குள் வந்துவிடும். கீரைக்கட்டின் வேரில் மண் ஈரமாகவே இருக்கும். இட்லி அரிசியும் குண்டு உளுந்தும் சேலத்தில் நாங்கள் வாங்கிப் பழகிய தரத்திலேயே கிடைக்கின்றன. பில் போடும் பிள்ளைகள் தமிழிலும் கன்னடத்திலும் மாறி மாறிப் பேசி, வரிசை நீளாமல் அனுப்பிவைக்கிறார்கள். இவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுத வந்தது இக்கடை நடத்திய பாயிண்ட் திட்டத்தைப் பற்றியும், திட்டம் முடிந்த பிறகும் என் கண்ணில் தங்கிவிட்ட பழக்கத்தைப் பற்றியும்தான். குறை சொல்ல நேர்வதால் கடையின் பெயரை எழுதவில்லை.

பொங்கலுக்கு முன் தொடங்கிய அத்திட்டத்தில், தட்டின் விளிம்பில் வெள்ளை விலைச்சீட்டுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறச் சீட்டு தொங்கினால் அந்தப் பொருளுக்கு 10 பாயிண்ட், நீலச் சீட்டு தொங்கினால் 1 பாயிண்ட். 200 பாயிண்ட் சேர்ந்தால் அடுத்த பில்லில் 100 ரூபாய் கழியும். சொன்னபடியே கழித்தார்கள், ஒரு முறைகூடத் தட்டிக்கழிக்கவில்லை. சித்திரை பிறந்ததும் திட்டம் முடிந்தது. ஆனால் மிச்சமிருந்த ஆரஞ்சு, நீலச் சீட்டுகளைத் தூக்கிப்போட மனமில்லாமல், புதுவரவுகளைக் காட்ட அவற்றையே தொங்கவிட்டார்கள். இப்போது அந்தச் சீட்டுக்குப் பாயிண்ட்டும் இல்லை, தள்ளுபடியும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு மாலை, சர்க்கரை நோய் உள்ள அம்மாவுக்குச் சம்பா கோதுமை ரவை வாங்கப் போனேன். ரவை, சேமியா, அவல் எல்லாம் மூன்றாம் வரிசையில் ஐந்து தட்டுகளில் அடுக்கியிருக்கும். நான் தேடிய அரைக் கிலோ பொட்டலம் முழங்கால் உயரத் தட்டின் இடது கோடியில், வெள்ளை விலைச்சீட்டோடு மட்டும் இருந்திருக்கிறது. என் கண் அங்கே போகவில்லை. மேல்தட்டில் தொங்கிய ஆரஞ்சுச் சீட்டில் போய் நின்றது. பார்வையைப் பிடுங்கிக் கீழே கொண்டுவந்தால், நடுத்தட்டில் தொங்கிய இன்னொரு ஆரஞ்சுச் சீட்டில் மாட்டிக்கொண்டது. அதற்குப் பாயிண்ட் கிடையாது என்று நன்றாகத் தெரிந்தும், வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு முறை நடந்தேன். முடிவில், அதே நிறுவனத்தின் அதே பச்சை உறை என்பதால், ஆரஞ்சுச் சீட்டுக்கு மேலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கூடையில் போட்டேன். வீட்டில் அம்மா உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வெள்ளை ரவை, கண்ணு. நான் சம்பா ரவை இல்ல கேட்டேன்" என்றார்.

நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லித் தருகிற ஒன்று என் கண்ணிலேயே நடந்ததை அன்றிரவுதான் உணர்ந்தேன். முதலில், ஆரஞ்சு பளிச்சென்ற நிறம் என்பதால்தான் கண் போனது என்று எண்ணிப் பார்த்தேன். வேறு நிறமாக ஒன்றே ஒன்று இருந்தால், சுற்றிலும் எத்தனை பொருள் கிடந்தாலும் அது தானாகவே கண்ணில் படும் என்பது, 1980-இல் ஆன் டிரைஸ்மன், கேரி ஜெலேட் ஆகியோர் வெளியிட்ட ஆய்விலிருந்தே பாடநூல்களில் உள்ள செய்திதான். ஆனால் அந்தக் கணக்குப்படி பார்த்தால், வெள்ளைச் சீட்டுகளுக்கு நடுவே நீலமும் ஏறத்தாழ அதே அளவுக்குத் துருத்திக்கொண்டு தெரிய வேண்டும். அதே வரிசையில் நீலச் சீட்டும் தொங்கியதாக மறுநாள் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

கண்ணை இழுத்தது நிறத்தின் பளிச்சா, அந்த நிறத்துக்கு முன்பு கிடைத்த பரிசா என்ற இந்த ஐயத்தை முறையாகத் தீர்த்த சோதனையை 2011-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஆண்டர்சன், பேட்ரிக் லாரன்ட், ஸ்டீவன் யான்டிஸ் ஆகிய மூவரும் செய்தார்கள். திரையில் பல நிற வட்டங்கள் தோன்றும்; அவற்றுள் சிவப்பு அல்லது பச்சை வட்டத்தைக் கண்டுபிடித்து, அதற்குள் இருக்கும் கோடு படுத்திருக்கிறதா நிற்கிறதா என்று சொல்ல வேண்டும். ஒரு நிறத்துக்குப் பெரும்பாலும் 5 சென்ட், மற்ற நிறத்துக்குப் பெரும்பாலும் 1 சென்ட். எந்த நிறத்துக்குக் கூடுதல் காசு என்பதை ஆளுக்கு ஆள் மாற்றி வைத்தார்கள்; ஆகையால் நிறத்தின் பளிச்சைக் காரணம் காட்ட இடமில்லை. பிறகு காசு நின்றது, வேலையும் மாறியது: இனி நிறத்தைப் பார்க்க வேண்டாம், வடிவத்தால் வேறுபட்ட ஒன்றைத் தேடினால் போதும். அப்போதும், முன்பு கூடுதல் காசு தந்த நிறம் திரையில் எங்கோ ஓர் ஓரத்தில் இருந்தாலே போதும், தேடுபவரின் விடை தாமதமானது. தாமதம் மில்லிநொடிக் கணக்கில்தான். ஆனால் ஒரு வரிசையில் நூற்றுக்கணக்கான சீட்டுகள் தொங்கும் கடையில், ஒவ்வொரு முறையும் கண் முதலில் எங்கே இறங்குகிறது என்பது சிறிய விஷயமன்று. அதே ஆய்வாளர்களுள் இருவர், பயிற்சி பெற்ற சிலரைப் பல மாதங்கள் கழித்து மறுபடி அழைத்துச் சோதித்தபோதும் அந்த இழுப்பு எஞ்சியிருந்ததை 2013-இல் வெளியிட்டார்கள். தையிலிருந்து சித்திரை வரை பழகிய என் கண் ஆடியில் மாறவில்லை என்பதில் எனக்கு வியப்பு இல்லை.

என்னை இன்னும் அதிகமாக உறுத்துவது, சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக் லெ பெலியும் உடன் ஆய்ந்தோரும் 2015-இல் வெளியிட்ட சோதனை. அதில் கூடுதல் பரிசைக் குறிக்கும் நிறத்தின் மீது பார்வை விழுந்தாலே அந்த முறைக்கான பரிசு போய்விடும். பார்க்காமல் இருப்பதே ஆதாயம் என்ற நிலையிலும், குறைந்த பரிசைக் குறிக்கும் நிறத்தைவிட அந்த நிறத்தின் பக்கமே கண்கள் அதிக முறை சென்றன. கடைக்காரர் சிலர் சொல்வதுபோல, "பார்க்க வேண்டாம் என்றால் பார்க்காமல் போகலாமே" என்று வாடிக்கையாளரின் தலையில் பொறுப்பைக் கட்டுவது நியாயமாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மறுநாள் பொட்டலத்தை மாற்றப் போனபோது அம்மாவும் கூட வந்தார். திட்டம் நடந்த மாதங்களில் அவர் சேலத்தில் தம்பி வீட்டில் இருந்தார். ஒரு பாயிண்ட்கூடச் சேர்த்தவரல்லர். மூன்றாம் வரிசைக்குள் நுழைந்தவர் நேராகக் குனிந்து சம்பா ரவையை எடுத்தார். தினமும் கையாளும் பொட்டலம் என்பதால் அவருக்கு அது எளிது. ஆகவே இதைச் சோதனை முடிவாக நான் கொள்ளவில்லை.

"பில் வேண்டாம்க்கா, மாத்திக்கோங்க" என்று பில் போடும் பெண் உடனே மாற்றிக் கொடுத்தாள். மேற்பார்வையாளரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: பாயிண்ட் கொடுத்த நிறத்தை, பாயிண்ட் முடிந்த பிறகு வேறு எதற்கும் பயன்படுத்த வேண்டாம், புதுவரவுக்கு வேறு நிறம் அச்சிட்டுக்கொள்ளுங்கள். குறிப்பாக, உப்பு, ரவை, எண்ணெய் என நோயாளிகளுக்காகப் பார்த்து வாங்க வேண்டிய வரிசைகளில் அந்தச் சீட்டு வேண்டாம். அவர் பொறுமையாகக் கேட்டார், மூன்றாம் வரிசைச் சீட்டுகளை அன்றே கழற்றச் சொன்னார், மற்றவற்றைப் புதுச் சீட்டு அச்சாகி வந்ததும் மாற்றுவதாகச் சொன்னார். இந்த அளவுக்குக் காது கொடுக்கும் கடைகள் குறைவு. அதற்காக இக்கடையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

ஆவணி பிறந்துவிட்டது. எண்ணெய் அடுக்கியிருக்கும் ஐந்தாம் வரிசையில் ஆரஞ்சுச் சீட்டுகள் இன்னும் தொங்குகின்றன. அங்கே போகும்போது, வாங்க வேண்டிய பொருளின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே கீழ்த்தட்டிலிருந்து மேலாகத் தேடுகிறேன்.