செகண்ட் ஏப்ரனுக்கு மேலே மூன்று டீம்கள்: ஃபீனிக்ஸ், மினசோட்டா, பாஸ்டன் - யார் கணக்கு சரி?

2024-25 என்பிஏ (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) சீசனுக்கான திட்டம் போடும்போது ஃபீனிக்ஸ், மினசோட்டா, பாஸ்டன் மூன்றுமே ஒரே சிக்கலில் இருந்தன. மூன்றின் சம்பளப் பட்டியலும் செகண்ட் ஏப்ரன் கோட்டுக்கு, அதாவது தாண்டினால் கடுமையான தடைகள் விழுகிற சம்பள வரம்புக்கு, மேலே. மூன்றும் மூன்று வழியில் போயின. எந்த வழி சரி என்று என்னைக் கேட்டால் பாஸ்டன் முதலில், கொஞ்ச தூரத்திலேயே மினசோட்டா, ஃபீனிக்ஸ் செய்ததை எந்த டீமும் செய்யக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கோடுகள். அந்த சீசனில் சாலரி கேப் (ஒரு டீமின் மொத்தச் சம்பள வரம்பு) 14.06 கோடி டாலர், லக்சரி டாக்ஸ் (அதிகச் சம்பளத்துக்கான வரி) 17.08 கோடியில் ஆரம்பம், ஃபர்ஸ்ட் ஏப்ரன் 17.81 கோடி, செகண்ட் ஏப்ரன் 18.89 கோடி. கேப் என்பது தாண்டவே முடியாத சுவர் இல்லை, ஏற்கனவே உங்களிடம் ஆடுகிற வீரரை மறுபடி ஒப்பந்தம் செய்ய பேர்ட் உரிமை இருக்கிறது, அதை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் மேலே போகலாம், வரி கட்டினால் போதும். முன்பெல்லாம் பணக்கார முதலாளிகள் அப்படித்தான் கட்டிவிட்டுப் போனார்கள். லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தம் அதை மாற்றிவிட்டது. செகண்ட் ஏப்ரனுக்கு மேலே இருந்தால் இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய வீரரை வாங்க முடியாது. அனுப்புகிற சம்பளத்தைவிட ஒரு டாலர்கூட அதிகம் வாங்க முடியாது. ட்ரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) பணம் சேர்த்துக் கொடுக்க முடியாது. மிட்-லெவல் எக்செப்ஷன் (கேப்பைத் தாண்டியும் வெளி வீரரை எடுக்கும் சலுகை) கிடையாது. ஏழு வருஷம் தள்ளி வரும் முதல் சுற்று டிராஃப்ட் பிக் (புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) வேறு ட்ரேட் செய்ய முடியாதபடி முடக்கப்படும். வரி முதலாளியின் பாக்கெட்டைத்தான் தொட்டது, இது டீமை நிர்வகிப்பவரின் கையையே கட்டிப்போடுகிறது. மூன்று டீம்களையும் ஒப்பிடுவதில் நான் பார்ப்பது இதைத்தான்: கட்டிய கையோடு யாருக்கு நகர இடம் இருந்தது?

ஃபீனிக்ஸ். 2023 பிப்ரவரியில் கெவின் டுரான்ட் வந்தார், அதற்கு மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன் இவர்களோடு நான்கு முதல் சுற்று பிக்குகள் போயின. ஜூனில் கிறிஸ் பாலையும் லேண்ட்ரி ஷாமெட்டையும் கூட்டிக் கொடுத்து பிராட்லி பீலை வாங்கினார்கள். 2024-25ல் டுரான்ட் 5.12 கோடி, பீல் 5.02 கோடி, டெவின் புக்கர் 4.92 கோடி. மூன்று பேர் சம்பளமே 15 கோடியைத் தாண்டுகிறது, மொத்த கேப்பைவிட அதிகம். மிச்ச இடத்தில் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வருகிறவர்களைப் போட்டு நிரப்பினார்கள்.

அந்த சீசன் நடுவில் ஜிம்மி பட்லர் மயாமியை விட்டுக் கிளம்ப நினைத்தார், ஃபீனிக்ஸுக்கு அவர்மேல் கண். பட்லர் சம்பளம் 4.88 கோடி. இரண்டு மூன்று நடுத்தரச் சம்பளங்களைச் சேர்த்து அனுப்ப விதி விடாது. அப்படியென்றால் தனி ஆளாக 4.88 கோடிக்கு மேல் வாங்கும் ஒருவரை அனுப்ப வேண்டும். அந்த ரோஸ்டரில் (வீரர் பட்டியலில்) அப்படி மூன்றே பேர்தான். புக்கரைக் கொடுக்க மாட்டார்கள், டுரான்ட் போனால் பட்லரைக் கொண்டுவருவதற்கே அர்த்தம் இல்லை, மிஞ்சியது பீல். பீலின் ஒப்பந்தத்தில் நோ-ட்ரேட் உரிமை இருந்தது, அவர் சம்மதிக்காமல் எங்கேயும் அனுப்ப முடியாது. பட்லர் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். இதற்குக் கொஞ்சம் முன்னால், ஜனவரியில், கையில் ட்ரேட் செய்யப் பொருளே இல்லை என்று 2031 முதல் சுற்று பிக்கை யூட்டாவிடம் கொடுத்து மூன்று சின்ன பிக்குகளாக மாற்றிக்கொண்டார்கள். முடிவு 36-46, பிளேஆஃப் கிடையாது. அடுத்த கோடையில் டுரான்ட் ஹூஸ்டனுக்கு, பீலோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டதில் 2029-30 வரை வருஷத்துக்குச் சுமார் 1.94 கோடி டாலர் கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

மினசோட்டா இதே படுகுழியை ஒரு வருஷம் முன்னாலேயே பார்த்துவிட்டது. கார்ல்-அந்தோணி டவுன்ஸ் 4.92 கோடி, ரூடி கோபேர் 4.38, புது ஒப்பந்தத்தோடு ஆன்டனி எட்வர்ட்ஸ் 4.22. வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரை போன டீம், கலைக்க மனசு வராது. ஆனாலும் 2024 அக்டோபர் தொடக்கத்தில் டவுன்ஸை நியூயார்க்குக்கு அனுப்பி ஜூலியஸ் ராண்டில், டான்டே டிவின்சென்சோ, ஒரு முதல் சுற்று பிக் என்று வாங்கிக்கொண்டார்கள். இங்கே கவனிக்க வேண்டியது: செகண்ட் ஏப்ரனுக்கு மேலே இருந்து இரண்டை ஒன்றாக்க முடியாது, ஆனால் ஒன்றை இரண்டாக்க முடியும். ஒரு பெரிய சம்பளம் இரண்டு நடுத்தரச் சம்பளமாகிவிட்டால் பின்னால் தேவைப்படும்போது தனித்தனியாக நகர்த்தலாம். நியூயார்க் பக்கம் விதி எவ்வளவு நெருக்கியது என்றால், கணக்கு பொருந்துவதற்காகவே ரோஸ்டரின் விளிம்பில் இருந்த மூன்று வீரர்களைக் கையெழுத்துப் போட வைத்து மூன்றாவது டீமான ஷார்லட்டுக்கு அனுப்பினார்கள்.

பலன்? 2025லும் கான்ஃபரன்ஸ் ஃபைனல், ஓக்லஹோமா சிட்டியிடம் 4-1 தோல்வி. கோடையில் ராண்டிலையும் நாஸ் ரீடையும் தக்கவைத்தார்கள், நிகீல் அலெக்சாண்டர்-வாக்கர் அட்லாண்டாவுக்குப் போய்விட்டார். தலைக்கு மேல் போகாமல் தாக்குப்பிடிக்கிற வழி இது. கோப்பைக்கு ஒரு படி கீழேயே நிற்க வைத்துவிடும் ஆபத்தும் இதில் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பாஸ்டன் செய்தது வேறு. விதிகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டு, கதவு மூடுவதற்குள் உள்ளே வேண்டியதைக் கொண்டுவந்தார்கள். 2023 அக்டோபரில் மால்கம் பிராக்டன், ராபர்ட் வில்லியம்ஸ் இருவர் சம்பளத்தையும் கூட்டி, பிக்குகளும் சேர்த்து, ஜ்ரூ ஹாலிடேயை வாங்கினார்கள். சம்பளத்தைக் கூட்டக்கூடாது என்ற தடை 2024 கோடையில்தான் வந்தது, ஒரு வருஷம் தாமதித்திருந்தால் அதே ட்ரேட் செல்லாது. ஃபீனிக்ஸ் பீலை வாங்கியதும் இதே காலத்தில்தான், இதே மாதிரி இருவரைக் கூட்டித்தான். ஒரே ஜன்னல் வழியாக ஒருவர் தடுப்பாட்டத்தில் கெட்டிக்காரரையும் இன்னொருவர் நோ-ட்ரேட் உரிமையோடு வந்த மூன்றாவது ஸ்கோரரையும் எடுத்தார்கள், வித்தியாசம் அங்கேயே தொடங்கிவிட்டது.

அப்புறம் 64 வெற்றி, 2024ல் டல்லஸை 4-1 என்று வீழ்த்தி பதினெட்டாவது பட்டம். ஜேலன் பிரவுனுக்கும் ஜேசன் டேட்டமுக்கும் தலா 30 கோடி டாலர் அளவில் ஒப்பந்தம் போட்டார்கள், இருவரும் பாஸ்டனே டிராஃப்டில் எடுத்தவர்கள். பேட்டன் பிரிட்சர்ட் மாதிரி நான்கு வருஷத்துக்கு 3 கோடி மட்டும் வாங்கும் ஒருவர் சிக்ஸ்த் மேன் விருது (சிறந்த மாற்று வீரருக்கானது) வாங்குகிற அளவுக்கு ஆடினார், பெரிய சம்பளங்களுக்கு நடுவே இப்படி ஒருவர் கிடைத்தால்தான் கணக்கு நிற்கும். 2025 மே மாதம் டேட்டமுக்கு அகிலிஸ் கிழிந்தது, நியூயார்க்கிடம் தோல்வி. 2025-26க்குச் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரை நெருங்கும் என்று பேச்சு. உடனே ஹாலிடே போர்ட்லாண்டுக்கு, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கு, ஆல் ஹார்ஃபர்டும் போய்விட்டார். மனசு வலித்தது. ஆனால் கையில் கோப்பை, பிரவுன், டேட்டம், டெரிக் வைட் மூவரும் அங்கேயே, தங்கள் முதல் சுற்று பிக்குகளில் பெரும்பாலானவை தங்களிடமே. டுரான்டுக்காக நான்கு பிக்கைக் கொடுத்த ஃபீனிக்ஸுக்குத் திரும்பி வர இந்த வழி இல்லை.

சரி, விதியே நியாயமா? எனக்கு ஒரு குறை இருக்கிறது, அழுத்தமாகவே சொல்கிறேன். டவுன்ஸை 2015ல் முதல் பிக்காக எடுத்து ஒன்பது சீசன் வளர்த்த டீமையும், வெளியிலிருந்து நட்சத்திரங்களை வாங்கி அடுக்கிய டீமையும் இந்தக் கோடு ஒரே தட்டில் வைக்கிறது. தானே டிராஃப்ட் செய்து வளர்த்த வீரரின் சம்பளத்தில் ஒரு பகுதியையாவது ஏப்ரன் கணக்கில் தள்ளுபடி செய்யலாம். டென்வர் 2023ல் ஜெயித்த கையோடு புரூஸ் பிரவுனை இழந்தது, அவர் அங்கே ஒரே வருஷம் ஆடியதால் பேர்ட் உரிமை முழுசாக இல்லை, சுமார் 78 லட்சம் டாலருக்கு மேல் தர முடியவில்லை, இண்டியானா இரண்டு வருஷத்துக்கு 4.5 கோடி கொடுத்தது. அது வேறு விதி, ஆனால் ஜெயித்த டீமைச் சேர்ந்தே இருக்க விடாத அதே வலி.

அடுத்து இந்தக் கேள்வி ஓக்லஹோமா சிட்டி முன்னால் வருகிறது. 2025 சாம்பியன். ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர், செட் ஹோம்கிரென், ஜேலன் வில்லியம்ஸ் மூவருக்கும் ஒரே கோடையில் நீட்டிப்பு. செட்டும் வில்லியம்ஸும் 2026-27ல் புதுச் சம்பளத்துக்கு மாறுகிறார்கள், ஷே அதற்கு அடுத்த வருஷம். அவர்களிடம் பிக்குகள் குவிந்து கிடக்கின்றன, ஆகவே ஃபீனிக்ஸ் ஆக மாட்டார்கள். 2026-27க்கு டீம் ஆப்ஷன் (வைத்துக்கொள்வதா என்று டீமே முடிவு செய்யும் உரிமை) உள்ள ஐசாயா ஹார்டன்ஸ்டைன் போன்ற நடுத்தரச் சம்பளங்களை முதலில் கழித்து, மூவரையும் வைத்துக்கொண்டு, வெளியே போகிறவர்கள் இடத்தில் டிராஃப்ட் பையன்களை ஏற்றுவதுதான் அவர்களுக்குச் சரி, அதாவது பாஸ்டன் வழி. மூவரில் ஒருவரை உடைத்து இரண்டாக்கும் மினசோட்டா வழிக்கு 2027-28 வரை அவசரமே இல்லை.